நூர் நிஷா சொல்லிக்கொடுத்த தொழுகை

தாராவியில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் யாராவது மவுத்தானால் முதலில் ஆள் விடுவது ஜெயினுலாப்தீனுக்குத்தான். தோல் கிடங்கில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்றுகொண்டிருந்தாலும் சரி, அப்போதுதான் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தாலும் சரி, கையை உதறிக்கொண்டு மண்வெட்டியோடு கபர்ஸ்தானுக்குக் குழி வெட்டக் கிளம்பிவிடுவார். கூலி என்று வாயைத் திறக்கமாட்டார். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். ஜமாஅத்துப் பெரியவர்கள், "மனுசன்னா ஜெய்னு மாதிரி இருக்கணும்யா" என்று மெச்சிக்கொள்வார்கள். பள்ளிவாசலில் இறந்தவர் உடலை, அந்த மையத்தை, முன்னால் வைத்து மற்றவர்கள் தொழுதுகொண்டிருக்கும் நேரத்தில் இவர் இடுப்பளவு குழிக்குள் நின்று மண்ணை வாரி எறிந்துகொண்டிருப்பார்.

அந்த மெச்சுதலைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் கூசும். ஏனென்றால் மனிதருக்குத் தொழத் தெரியாது. குழி வெட்டப் போய்விட்டால் தொழுகைக்கு நிற்க வேண்டாம். அவ்வளவுதான் சங்கதி.

அவர் மேல் குற்றம் சொல்வதற்கும் இல்லை. கடையநல்லூரில் காலரா வந்த வருஷம் வாப்பாவும் உம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மற்றப் பிள்ளைகள் பள்ளிவாசலில் உட்கார்ந்து அலிஃப், பே ஓதிய வயதில், தூரத்து உறவுக்காரர் ஒருவர் இவரைப் பம்பாய் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து தோல் கிடங்கில் விட்டுவிட்டார். அன்றிலிருந்து ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். மயிர் சுரண்டுவது, கொழுப்பு வழிப்பது, சுண்ணாம்பில் ஊறப் போடுவது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போவார். கடைசி வரிசையில், ஓரமாய் நிற்பார். கடைக்கண்ணால் பக்கத்து ஆளைப் பார்த்து அவன் குனிந்தால் குனிவார், அவன் நிமிர்ந்தால் நிமிர்வார். உதடு மட்டும் எதையோ மென்றுகொண்டிருக்கும். உடம்பில் ஒட்டிய தோல் நாற்றத்துக்குப் பயந்து யாரும் நெருங்கி நிற்பதில்லை. அதனால் இந்தக் குட்டு வெளிப்படவும் இல்லை.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு வாய்த்த பெண்டாட்டி நூர் நிஷா. மேலப்பாளையத்துக்காரி. அவளுடைய வாப்பா பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துப் பிழைத்தவர். அவளும் குர்ஆனை அழகாக ஓதுவாள், ஐந்து வேளையும் தவறமாட்டாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள், "தொழுதாச்சா?" என்று கேட்டாள். "கிடங்குக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே தொழுதுட்டேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் அதையே சொன்னார். அப்புறம் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். புருஷன் சொல்வதை நம்புவதில் அவளுக்கு என்ன கஷ்டம்? பாவி மனுஷர் அந்த ஒரு பொய்யை வைத்தே வருஷக்கணக்காகக் குடும்பம் நடத்திவிட்டார்.

அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. பிறந்த ஒன்றும் பால்குடி மறக்கும் முன்னே போய்விட்டது. அதற்குப் பிறகு நூர் நிஷாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தர்ம ஆஸ்பத்திரியில் இருதயத்தில் கோளாறு என்றார்கள், சின்ன வயதில் வந்த காய்ச்சலால் என்றார்கள். அறுபத்து நாலாம் வருஷம் மழை பிடித்தபோது அவள் படுக்கையோடு ஆகிவிட்டாள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். முதுகுக்குத் தலையணையும் பழந்துணி மூட்டையும் கொடுத்துச் சாய்த்து வைத்திருந்தார் ஜெயினுலாப்தீன்.

ஒரு சாயங்காலம், தகரக் கூரையில் மழை சடசடத்துக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். அந்தி நேரத்து மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு கூப்பிடுவது கேட்டதும் நூர் நிஷா சொன்னாள்: "இந்தத் தண்ணியில பள்ளிக்கு எங்க போகப்போறீங்க? இங்கனயே தொழுங்க. நீங்க இமாமா நில்லுங்க, நான் பொறத்தாலருந்து ஒங்களத் தொடர்ந்துக்கிடுதேன். ஜமாஅத்தாச் சேந்து தொழுது எத்தன வருசமாச்சு."

அவர் சாக்குத் தேடினார். தலை வலிக்கிறது என்றார். உடுப்பு சுத்தமில்லை என்றார். அவள் கொடியில் தொங்கிய வெளுத்த கைலியைக் காட்டினாள். வேறு வழியில்லாமல் பாயை விரித்து, கையை உயர்த்தி, கட்டிக்கொண்டு நின்றார். இமாமுக்குப் பின்னால் நிற்பவன் உதட்டை அசைத்தால் போதும். ஆனால் மஃரிபுத் தொழுகையில் இமாமாக நிற்பவர் தொடக்கத்தில் சத்தமாக ஓதியாக வேண்டும். ஜெயினுலாப்தீன் நின்றார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் நூர் நிஷா காத்திருந்தாள். காத்திருந்து பார்த்துவிட்டு, "சத்தமா ஓதுங்க, இது மஃரிபுல்லா?" என்றாள்.

அவர் திரும்பாமலே, "எனக்குத் தெரியாதுளா" என்றார்.

"எது தெரியாது?"

"ஒண்ணுமே தெரியாது. என்னைய யாரும் ஓத வைக்கல."

நூர் நிஷா ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவருக்கு. "இத்தன வருசமாத் தொழுதுட்டேன், தொழுதுட்டேன்னு என் மொகத்தப் பாத்துல்லா சொன்னீங்க" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு அவர் வைத்த கஞ்சியைத் தொடவில்லை. விடிந்ததும் அவளே கூப்பிட்டாள்: "இனிமே எங்கிட்டப் பொய் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க." சொன்னார். "போய் ஒளு செஞ்சுட்டு வாங்க" என்றாள்.

தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுகிற அந்த ஒளுவே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. சுண்ணாம்பு தின்ற விரலிடுக்குகளில் தண்ணீர் பட்டால் சுரீரென்று எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினார். கழுவிவிட்டு விரலை மோந்து பார்த்து, "எத்தன கழுவினாலும் இந்த வாடை போகாதுளா, இதோட எப்படி வரிசையில நிக்க?" என்று கேட்டார்.

"அல்லா என்ன மூக்கப் பொத்திக்கிட்டா கேக்கப்போறான்? ஒழச்ச வாடைதான? நில்லுங்க" என்றாள் அவள்.

அடுத்து நடந்த கூத்தைச் சொல்லவேண்டும். நோயாளி உட்கார்ந்தபடியே தொழலாம். குனிகிற இடத்தில் தலையைக் கொஞ்சம் தாழ்த்துவாள், நெற்றியைத் தரையில் வைக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் தாழ்த்துவாள். நூர் நிஷா அப்படித்தான் செய்துகாட்டினாள். இந்த ஆள் அதையே பார்த்துக்கொண்டு, நட்டமாக நின்று, பூம்பூம் மாடு மாதிரி தலையை மட்டும் ஆட்டினார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்தால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "ஏங்க, நானுல்லா சீக்காளி, நீங்களுமா சீக்காளி? இடுப்ப வளைங்க!" அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அதற்காகவே இன்னொரு தரம் தப்பாகச் செய்யலாமா என்று நினைத்தார் ஜெயினுலாப்தீன்.

ஓதுவதுதான் லேசில் பிடிபடவில்லை. குல் ஹுவல்லாஹு என்று தொடங்கும் சின்ன அத்தியாயத்தில் முதல் சொல்லே தகராறு. "தமிழ்ல சொல்லுத மாதிரி குல்னு சொல்லாதீங்க. நம்மகிட்ட ஒரே ஒரு 'க'தான், அவுங்ககிட்ட ரெண்டு இருக்கு. தொண்டக்குள்ளருந்து வந்தா 'சொல்லு'ன்னு அர்த்தம். நாக்குலருந்து வந்தா 'தின்னு'ன்னு ஆயிரும்" என்பாள். அவர் தொண்டையைக் காறிக் காறி ஓதிப் பார்ப்பார். கிடங்கிலும் அதே வேலைதான். கூட வேலை பார்த்த நாசரேத்துப் பக்கத்துக் கிறிஸ்தவன் பிச்சையா, சுண்ணாம்புக் குழிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னவே, தொண்டையில முள்ளா?" என்று கேலி செய்தான். கேலி செய்தவனே கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிவிட்டு, இவர் தடுமாறுகிற இடத்தில் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். "நான் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவன்வே, என்னையவும் சேத்துல்லா ஓத வச்சிட்டீரு" என்று சிரிப்பான்.

ஓதுவதோடு நூர் நிஷா விடவில்லை. அர்த்தமும் சொன்னாள். "மொதல்ல ஓதுதோமே, அந்த அல்ஹம்துல என்ன கேக்கோம்னா, நேரான வழியக் காட்டுன்னு. எனக்குக் காட்டுன்னு இல்ல, எங்களுக்குக் காட்டுன்னு. தனியா நின்னு தொழுதாலும் எல்லாருக்கும் சேத்துத்தான் கேக்கோம்."

"அந்த முக்காதம் பயலுக்கும் சேத்தா?" என்றார் அவர். முக்காதம் என்றால் கிடங்கில் வேலை வாங்குகிறவன். வாயைத் திறந்தால் அம்மா அக்காளை இழுத்துத்தான் பேசுவான்.

"அவருக்கும் சேத்துத்தான்."

"அவனுக்கு நான் கேக்கணுமாக்கும்!"

"கேக்காட்டா அந்த எடத்துல ஓதாம நிறுத்துங்க பாப்போம்." அவரால் நிறுத்த முடியவில்லை. பிறகு கிடங்கில் முக்காதம் ஏசும்போதெல்லாம் பதிலுக்கு நாக்கு நுனி வரை வந்த கெட்ட வார்த்தையை மென்று முழுங்கப் பழகிக்கொண்டார். ஓதுகிற வாயால் இதைச் சொல்லலாமா என்று தோன்றுமாம்.

நெற்றியைத் தரையில் வைக்கிற சுஜூதைப் பற்றி அடிக்கடி பேசுவாள். "மனுசன் அதுக்கு மேலத் தாழப் போக முடியாதுல்லா? அங்க வச்சுத்தான் அல்லா ரொம்பக் கிட்டக்க இருக்கான். என் நெத்தி தரையில பட்டு எத்தன நாளாச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

மழை ஓய்ந்த சமயத்தில் அவள் வீக்கம் இடுப்புவரை ஏறிவிட்டது. தனக்கு நாள் நெருங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு நாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குப் புள்ள இல்ல. நான் மவுத்தானா எனக்காக நின்னு தொழ ஒங்களத் தவிர யாரு இருக்கா? அன்னைக்குக் குழி வெட்டுதேன்னு மம்பட்டியத் தூக்கிட்டுப் போயிராதீங்க. மொத வரிசையில நிக்கணும். மத்தவுக நூறு பேரு தொழட்டும், எனக்கு நீங்க தொழுததுதான் வேணும்."

"சும்மா கெட, என்ன பேச்சு இது" என்று அதட்டினார். ஆனால் மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டார். இனி உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே வேலை அதுதான்: அவள் போவதற்குள் தொழுகையைப் பிழையில்லாமல் கற்றுக்கொள்ள வேண்டும்.

கற்றுக்கொண்டார். ஒரு சாயங்காலம் நூர் நிஷாவுக்கு முன்னால் இமாமாக நின்று, மஃரிபு முழுவதையும் சத்தமாக, தொண்டைக்குள்ளிருந்து வரவேண்டியதைத் தொண்டைக்குள்ளிருந்தே வரவழைத்து, தொழ வைத்தார். முடிவில் சலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள். "எங்க வாப்பா இருந்தாக்கூட ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது" என்றாள். அவருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அவளுக்குத் தெரிந்ததை எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்துவிட்டாள்; ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

அவள் போனது ஒரு புதன்கிழமை காலையில். கலிமாவைச் சொல்லிக்கொண்டே இருந்தவளுக்கு நடுவில் சத்தம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றினார்கள். குழி வெட்ட வேறு ஆட்கள் போனார்கள். டீக்கடை ஜமால்தான் ஓடியாடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். அவளைச் சுமந்த சந்தூக்குப் பெட்டி வாசலைத் தாண்டியபோது பெண்கள் கதறினார்கள். வழக்கப்படி அவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

பள்ளிவாசலில் முதலில் பிற்பகல் தொழுகையான அஸர் தொழுதார்கள். ஜெயினுலாப்தீன் யாரையும் கடைக்கண்ணால் பார்க்கவில்லை. குனிய வேண்டிய இடத்தில் குனிந்தார், நெற்றியை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பள்ளிக்குள் அவருக்குப் பயமில்லை. பிறகு சந்தூக்கை முற்றத்தில் வைத்து அதன் முன்னே வரிசை கட்டினார்கள். "மையத்துக்குச் சொந்தக்காரரு முன்னால வாங்க" என்றார் ஜமால். முதல் வரிசையில், நடுவில், தொழ வைக்கும் ஹஜ்ரத்துக்கு நேர் பின்னால் போய் நின்றார். ஹஜ்ரத் வடக்கத்தி ஆள். திரும்பி நின்று தொழும் முறையை உருதுவில் அறிவித்தார். தாராவி பஜார் ஹிந்தி வேறு, ஹஜ்ரத்தின் உருது வேறு. அதோடு அன்று ஜெயினுலாப்தீன் காதில் எதுவும் ஏறுகிற நிலையிலும் இல்லை.

முதல் தக்பீராக அல்லாஹு அக்பர் சொன்னார்கள். கையைக் கட்டிக்கொண்டு அல்ஹம்து ஓத ஆரம்பித்தார். பாதியில் இருக்கும்போதே இரண்டாவது அல்லாஹு அக்பர் வந்துவிட்டது. ஹஜ்ரத் அவசரப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, நூர் நிஷா சொல்லிக்கொடுத்தபடி இடுப்பை வளைத்துக் குனிந்தார். பக்கத்தில் யாரும் குனியவில்லை. கண்ணீர் முட்டி நின்றதில் தன் கால்விரலே அவருக்குத் தெரியவில்லை, பக்கத்துக் கால்கள் எங்கே தெரியும்? மூன்றாவது தக்பீர் வந்தது. எல்லாரும் சுஜூதுக்குப் போகிறார்கள் என்று எண்ணி, அப்படியே தரையில் விழுந்து நெற்றியை வைத்தார். இங்கேதானே அல்லாஹ் கிட்டத்தில் இருக்கிறான் என்று அவள் சொன்னாள். யா அல்லாஹ், அவளை மன்னிச்சிரு, அவ மூச்சு முட்டினது போதும், அவ கபரை விசாலமாக்கு என்று தமிழில் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். நான்காவது தக்பீருக்கு எழுந்து உட்கார்ந்தார். அடுத்த நொடி ஹஜ்ரத் சலாம் கொடுத்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். சுற்றிலும் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் ஒருவர்தான் தரையில் இருந்தார்.

மையத்துக்காகத் தொழுகிற ஜனாஸாத் தொழுகைக்குக் குனிவதும் இல்லை, சுஜூதும் இல்லை. முன்னால் மையத்து இருக்கிறதே, அதற்குத் தலை வணங்கியதாக ஆகிவிடக்கூடாதே என்றும் சொல்வார்கள். பள்ளிவாசலுக்குப் போகிற ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம். வாசலோடு நின்றுவிடுகிற பெண்களுக்கு எப்படித் தெரியும்?

ஜமாலுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன காரியம்வே செஞ்சீரு? பொண்டாட்டிக்கா சுஜூது செய்யுதீரு? எவன்வே ஒமக்கு இப்படித் தொழச் சொல்லிக் குடுத்தது?" பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தவன் வாய் நல்லாயிருக்கட்டும், வேறென்ன சொல்ல?

ஜெயினுலாப்தீன் வாயைத் திறந்தார். சந்தூக்கைப் பார்த்தார். இத்தனை ஆண்கள் நடுவில் அவள் பேரை இழுக்க வேண்டுமா? யாருமில்லை என்று ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது. பொய் சொல்வதில்லை என்று அவளிடம் சொல்லியிருந்தார். "சொல்லிக் குடுத்தவுக சரியாத்தான் சொல்லிக் குடுத்தாவ. நாந்தான் தப்பு" என்றார். ஹஜ்ரத் ஜமாலின் கையைப் பிடித்து அடக்கினார்.

அடக்கமெல்லாம் முடிந்து, மூன்று பிடி மண் போட்டு, துஆ ஓதி ஆட்கள் கலைந்தபின் ஜெயினுலாப்தீன் ஹஜ்ரத்தின் பின்னாலேயே போனார். தன் தொழுகை அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கச் சொல்லி ஜமாலைக் கெஞ்சினார். ஹஜ்ரத் நல்ல மனிதர். இவர் தோளில் கை வைத்து நிதானமாக ஏதோ சொன்னார். ஜமால் தமிழில் சொன்னார்: "ஒம்ம தொழுக செல்லாதாம். ஆனா அதுக்கு ஒண்ணும் வெசனப்படாதீருன்னு சொல்லுதாவ. மத்தவங்க தொழுததே போதுமாம். மையத்துக்குக் கொறையில்ல. நீரு அவுகளுக்காகக் கையேந்தி துஆ செஞ்சுக்கிடுமாம்."

போதுமாம்! அவளுக்கு எது போதும் என்று அவளே சொல்லிவிட்டுப் போயிருந்தாளே. "திருப்பித் தொழலாமா?" என்று கேட்டார். ஒரு தடவை தொழுதால் தொழுததுதான், மறுபடி கிடையாது என்று ஹஜ்ரத் தலையை ஆட்டினார்.

ஹஜ்ரத் போனபிறகு ஜமாலுக்கும் மனது கேட்கவில்லை. கோபம் இறங்கிப்போயிருந்தது. "வாரும்வே, ஒரு டீ குடிச்சிட்டுப் போவோம்" என்றார்.

ஜெயினுலாப்தீன் நகரவில்லை. "அத எப்படித் தொழணும் ஜமாலு? சொல்லு."

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுய்யா."

"நாலு தக்பீரு. நாலும் நின்ன நெலையிலதான். குனியப்படாது, உக்காரப்படாது. கடைசியில சலாம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்வே. இருக்கதுலயே லேசு இதுதான்."

ஜெயினுலாப்தீன் கபர்ஸ்தான் வாசலிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். "இத யாராச்சும் ஒரு வார்த்த அவகிட்டச் சொல்லியிருந்தா, ஒரே நாள்ல எனக்குச் சொல்லிக் குடுத்திருப்பாளே" என்று சொல்லி, பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார்.